நாளைக்கு அறுநூறு பெட்டி, அதே திருகு: இதை பயோடேட்டாவில் எப்படி எழுதுவது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 24. செய்யாறு பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. இயற்பியல் படித்திருக்கிறேன். படிப்புக்கேற்ற வேலை அமையாததால் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆலையில் ஏஜென்சி வழியாக ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். செட்டாப் பாக்ஸின் மூடிக்கு நான்கு திருகு முறுக்குவது மட்டும்தான் வேலை. ஒரு ஷிஃப்டுக்கு 600 பெட்டி. பதினொரு மாதம் முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு, ஒரகடத்தில் கார்களுக்கான ஒயரிங் செய்யும் இடத்தில் எட்டு மாதம் ஒயர்களுக்கு டேப் சுற்றினேன். அதுவும் ஒப்பந்தம்தான், முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது கார் உதிரிபாக ஆலை ஒன்றில் தர ஆய்வாளர் வேலைக்கு நேர்காணல் அழைப்பு வந்திருக்கிறது; நிரந்தர வேலை என்கிறார்கள். திருகு போட்டதையும் டேப் சுற்றியதையும் எப்படி அனுபவம் என்று எழுதுவது? பெரியப்பா மகன், "குவாலிட்டி இன்ஜினியர் என்று போடு, யார் பார்க்கப் போகிறார்கள்" என்கிறார். அம்மாவோ அதையெல்லாம் எழுதவே வேண்டாம், படிப்பை மட்டும் போடு என்கிறார். என்ன செய்யட்டும்?

பின்குறிப்பு: அந்த வேலையில் வித்தியாசமாக நடந்தது ஒரே ஒரு நாள்தான். ஒரு லாட்டாக, அதாவது ஒரே தொகுதியாக வந்த மூடிகளில், திருகு முறுக்கும் டிரைவரின் 'டக்' என்ற ஓசை கொஞ்சம் தாமதமாக வந்தது. லைன் லீடரிடம் சொன்னேன், "வேலையைப் பார்" என்று திட்டினார். பிறகு அளந்து பார்த்தால் மூடியில் திருகுக் குழி பெரிதாக இருந்திருக்கிறது. அந்த லாட்டையே ஒதுக்கி வைத்தார்கள்.

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, கேட்ட கேள்விக்காக. இரண்டாவது முறை, பின்குறிப்பு என்று கடைசியில் தள்ளிவிட்ட அந்த நாலு வரிக்காக. அதற்கு வருகிறேன். முதலில் அண்ணனுடைய யோசனையைத் தீர்த்துவிடலாம்.

'குவாலிட்டி இன்ஜினியர்' என்று போடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஆலைகளில் இருபத்தேழு வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன் சொல்கிறேன். ஒரு பையன் இரண்டு வருடம் லைன் சூப்பர்வைசராக இருந்ததாக எழுதிக்கொண்டு வந்தான். "ஷிஃப்ட் மாறும்போது அடுத்த சூப்பர்வைசரிடம் என்னென்ன ஒப்படைப்பீர்கள்?" என்று கேட்டேன். மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சுக் கொடுத்துப் பார்த்ததில் அவன் நல்ல ஆப்பரேட்டர் என்று தெரிந்தது. ஆப்பரேட்டர் என்றே எழுதியிருந்தால் எடுத்திருப்பேன். அந்த வாரம் எங்களுக்கு வேண்டியிருந்தவர்களும் ஆப்பரேட்டர்கள்தான்.

யார் பார்க்கப் போகிறார்கள் என்று அண்ணன் கேட்கிறார் அல்லவா? பி.எஃப். பார்க்கும். 2014 முதல் ஒவ்வொருவருக்கும் யு.ஏ.என். என்று ஒரே எண். எந்த நிறுவனத்தின் பெயரில், எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாக நிற்கும். புதிய இடத்தில் சேரும் அன்றே பழைய எண்ணைக் கேட்டுப் படிவம் தருவார்கள். அம்மாவின் யோசனையும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். இரண்டு வேலையையும் மறைத்தால் படிப்பு முடித்த பிறகு இரண்டு வருடம் வெறும் வெற்றிடமாகத் தெரியும். வெற்றிடத்தைப் பார்த்தால் ஆள் எடுப்பவனுக்கு வரும் கற்பனை, திருகு முறுக்கியதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

'ஒப்பந்தப் பணி' என்று எழுதக் கூச்சமாக இருப்பது கடிதத்தில் தெரிகிறது. தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்பது அதன் சாரம். அந்த எண்ணிக்கை நெருங்குவதற்குள் ஆளை மாற்றிவிடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், நானே அந்த இயந்திரத்தில் ஒரு பல்சக்கரமாக இருந்தவன் என்றாலும். உங்களுக்கு வேண்டிய செய்தி வேறு. பதினொரு மாதத்தில் வேலை முடிந்தது என்றால் அந்த வட்டாரத்தில் ஆள் எடுக்கும் யாரும் உங்களைத் துரத்திவிட்டார்கள் என்று நினைக்க மாட்டார்கள். 'ஒப்பந்தக் காலம் நிறைவு' என்று மூன்று சொல் போட்டால் போதும்.

யாரும் நினைக்க மாட்டார்கள் என்றா சொன்னேன்? நான் நினைத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று இடத்தில் ஏழெட்டு மாதம் வீதம் இருந்த ஒரு பெண்ணை 'நிலையில்லாதவர்' என்று குறித்து ஒதுக்கிவிட்டேன். மூன்றும் ஒப்பந்தம் என்று அவர் பயோடேட்டாவில் எங்கும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. பிழை என்னுடையது, ஆனால் அந்த ஒரு சொல் இருந்திருந்தால் அவருக்கு வேலை கிடைத்திருக்கும். அதனால்தான் மறைக்காதீர்கள் என்கிறேன்.

இனி பின்குறிப்பு.

டார்க் டிரைவர் என்ற அந்தத் திருகுக் கருவியில் எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்று முன்கூட்டியே வைத்துவிடுகிறார்கள். திருகு இறங்கி, அந்த விசையை எட்டியதும் கிளட்ச் விடுபட்டு 'டக்' என்கிறது. குழி கொஞ்சம் பெரிதாக இருந்தால் மரை பிளாஸ்டிக்கைச் சரியாகக் கவ்வாது. திருகு வழுக்கிக்கொண்டு இறங்கும், ஓசை பிந்தும், சில சமயம் வரவே வராது. இந்தத் தாமதம் ஒரு நொடியில் ஒரு சிறு பங்கு இருக்குமா? புதிதாக வந்தவர் காதில் அது விழுந்தே இருக்காது. உங்கள் காதில் ஏன் விழுந்தது? நாளைக்கு 600 பெட்டி, பெட்டிக்கு நான்கு திருகு, மாதம் 25 நாள், பதினொரு மாதம். பெருக்கிப் பாருங்கள்: ஆறு லட்சத்து அறுபதாயிரம் 'டக்'. சரியான ஓசை எது என்பது உங்கள் கைக்கும் காதுக்கும் ஊறிப்போயிருந்தது. அதனால் தவறான ஓசை வந்ததும் உறுத்தியது.

நீங்கள் போகப்போவது தர ஆய்வாளர் வேலைக்கு. அந்த வேலை என்ன என்று நினைக்கிறீர்கள்? ஒரே மாதிரி ஐந்நூறு உதிரிபாகம் கண் முன்னால் போகும். அதில் மாறியிருக்கும் ஒன்றைப் பிடிக்க வேண்டும். ஒரே வேலையைச் செய்தேன் என்று நீங்கள் வெட்கப்படுகிற விஷயத்தைத்தான் அவர்கள் சம்பளம் கொடுத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். திட்டு வாங்கிய பிறகும் விஷயம் அளக்கும் வரை போனது என்கிறீர்கள். மறுபடி போய்ச் சொன்னீர்களா, வேறு யாரிடமாவது காட்டினீர்களா? அதையும் நினைவுபடுத்தி வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.

பயோடேட்டாவில் இதை எப்படி எழுதுவது என்று பார்ப்போம். காகிதம் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால் கை தானாக 'ஹார்ட் வொர்க்கர், குவிக் லேர்னர், டீம் பிளேயர்' என்று எழுதிவிடும். நான் பார்த்த ஆயிரக்கணக்கான காகிதங்களில் இந்த மூன்றும் இல்லாதவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தமிழில் எழுதினால் உண்மையில் என்ன செய்தீர்கள் என்பது வரும். இப்படி:

"அசெம்ப்ளி ஆப்பரேட்டர், செட்டாப் பாக்ஸ் உற்பத்தி, ஸ்ரீபெரும்புதூர். ஒப்பந்தப் பணி, 11 மாதம். டார்க் டிரைவர் கொண்டு மூடி பொருத்துதல், ஷிஃப்டுக்கு 600 பெட்டி. பொருத்துமுன் மூடியையும் திருகுக் குழியையும் கண்ணால் சோதித்தல். டிரைவரின் ஓசை மாறியதைக் கவனித்துத் தெரிவித்ததில், திருகுக் குழி அளவு மீறிய ஒரு லாட் பிரித்து ஒதுக்கப்பட்டது."

இதில் பொய் ஏதாவது இருக்கிறதா? கண்ணால் சோதிக்கும் வழக்கம் உங்கள் நிலையத்தில், அதாவது லைனில் நீங்கள் வேலை செய்த இடத்தில், இல்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஷிஃப்ட் சுழற்சி இருந்தால் சேருங்கள். ஆலைக்காரர்களுக்கு அது முக்கியம். ஆலைப் பெயருக்குப் பக்கத்தில் ஏஜென்சியின் பெயரையும் எழுதுங்கள், ஏனென்றால் விசாரித்து போன் போவது ஏஜென்சிக்குத்தான். அந்தப் பெயர் இல்லாமல் ஆலைக்குப் போன் போய், 'அப்படி ஒருவர் எங்கள் பதிவேட்டில் இல்லையே' என்று ஆலை கைவிரித்தால் குற்றம் உங்கள் தலையில் விழும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் 'உற்பத்தியை 15 சதவீதம் உயர்த்தினேன்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதைத் தொடாதீர்கள். லைனின் வேகத்தை முடிவு செய்தது நீங்கள் இல்லை என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியும். எண் வேண்டுமென்றால் சம்பளச் சீட்டுகளை எடுத்து வேலை செய்த நாட்களைக் கூட்டுங்கள். பதினொரு மாதத்தில் எத்தனை நாள் விடுப்பு என்ற கணக்கு வந்துவிடும். குறைவாக இருந்தால் அதை எழுதுங்கள். என்னைக் கேட்டால், ஒப்பந்தத் தொழிலாளியின் பயோடேட்டாவில் அதைவிட வலுவான வரி இல்லை.

இன்னொன்று. லைன் ஓரத்தில் ஒரு பலகை தொங்கியிருக்கும். இடப்பக்கம் பெயர்கள், சில இடங்களில் புகைப்படத்தோடு. மேலே நிலையங்களின் பெயர்கள். கட்டத்துக்குக் கட்டம் நான்காகப் பிரித்த சின்ன வட்டம். ஸ்கில் மேட்ரிக்ஸ் என்பார்கள். கால் வட்டம் நிரப்பியிருந்தால் பழகுகிறார், அரை என்றால் ஒருவர் பார்த்துக்கொள்ளச் செய்வார், முக்கால் என்றால் தனியாகச் செய்வார், முழு வட்டம் என்றால் மற்றவருக்குக் கற்றுத்தருவார். விவரம் ஆலைக்கு ஆலை கொஞ்சம் மாறும். தினமும் அதைக் கடந்துதான் போயிருப்பீர்கள். உங்கள் பெயருக்கு நேரே என்ன இருந்தது? ஆள் வராத நாளில் பக்கத்து நிலையத்தில் நிறுத்தினார்களா? புதிதாக வந்த பெண்ணை "இவளிடம் பழகிக்கொள்" என்று உங்கள் பக்கத்தில் உட்கார வைத்தார்களா? வைத்திருந்தால் அது பயிற்சி கொடுத்த அனுபவம். எத்தனை பேருக்கு, எத்தனை நாள் என்று எழுதுங்கள். நான் திருகு மட்டும்தான் போட்டேன் என்று சொல்பவர்களை இந்தக் கேள்விகளால் துருவினால் பாதிப் பேருக்காவது இரண்டு மூன்று நிலையம் தெரிந்திருக்கும். அதை அவர்கள் வேலையாகவே கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஒரகடத்து வேலையைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். வரைபலகையில் ஒயர்களைப் போட்டு, குறித்த இடத்தில் குறித்த இடைவெளியில் டேப் சுற்றுவது கார் ஒயரிங்கில் சாதாரண விஷயம் இல்லை. சுற்று தளர்ந்தால் ஒயர் உரசும். உரசினால் மேலுறை தேயும். போகப்போவதும் கார் உதிரிபாக ஆலை என்பதால் இதை முதலில் போடுங்கள், செட்டாப் பாக்ஸ் இரண்டாவதாக வரட்டும். எப்படியும் சமீபத்திய வேலைதான் மேலே வர வேண்டும்.

அப்புறம், உங்கள் படிப்பை நீங்களே மறந்துவிட்டீர்கள். இயற்பியல் செய்முறை வகுப்பில் வெர்னியர் அளவியும் திருகு அளவியும் பிடிக்காமல் பட்டம் வாங்கியிருக்க முடியாது. ஆலையில் மைக்ரோமீட்டர் என்று சொல்வது அந்தத் திருகு அளவியைத்தான். மீச்சிற்றளவு என்ன, சுழிப்பிழையை எப்படிக் கழிப்பது என்று தேர்வுக்குப் படித்தீர்களே, தர ஆய்வாளர் நேர்காணலில் அதையேதான் கேட்பார்கள், ஆங்கிலப் பெயரில். லீஸ்ட் கவுன்ட், ஜீரோ எரர். பழைய செய்முறை நோட்டு பரணில் இருந்தால் இறக்குங்கள். கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்து ஒரு பின்னை அளக்கச் சொன்னால், முதலில் வெறுமனே மூடிச் சுழிப்பிழையைப் பார்த்துவிட்டு அளப்பவரை நான் அதற்குமேல் அதிகம் கேள்வி கேட்டதில்லை.

நேர்காணலில் வாயால் சொல்வது வேறு கலை. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்திய பிறகு, அங்கே இருந்த பெண்கள் பலர் எங்கள் இடத்துக்கு வந்தார்கள். பெரும்பாலானவர்கள் "போன் கம்பெனியில் லைனில் இருந்தேன் சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒருவரிடம், கையில் எர்த் பட்டை கட்டுவது எதற்கு என்று கேட்டேன். "உடம்பில் இருக்கும் மின்சாரம் போர்டில் இறங்கிவிடும் சார். அப்போதே கெட்டுப்போனால் பரவாயில்லை, டெஸ்டிங்கில் மாட்டிவிடும். பாதி கெட்டுப்போனால் டெஸ்டிங்கைத் தாண்டிவிடும், வாங்கினவர் வீட்டில்தான் நிற்கும்" என்றார். பத்தாம் வகுப்பு படித்தவர். அவரை எடுத்தோம். செய்த வேலையைச் சொன்னவர்கள் நிறையப் பேர். அது ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்று சொன்னவர் அவர்.

நீங்களும் அந்த 'ஏன்' எல்லாவற்றையும் யோசித்து வையுங்கள். நான்கு திருகையும் சுற்றிவராமல் மூலைக்கு மூலை மாற்றி முறுக்கச் சொல்லியிருப்பார்கள். ஏன்? ஒரு பக்கமே இறுக்கிக்கொண்டு போனால் மூடி ஒருபுறம் தூக்கிக்கொள்ளும். கீழே விழுந்த திருகை எடுத்துப் போடக் கூடாது என்பார்கள். ஏன்? விழுந்ததில் தூசியோ அடியோ பட்டிருக்கலாம் என்பதால்தான். இப்படி உங்களுக்குத் தெரிந்தது பத்தாவது இருக்கும்.

"ஒரே வேலை, சலிக்கவில்லையா?" என்று கட்டாயம் கேட்பார்கள். இல்லவே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், நானும் நம்ப மாட்டேன். "சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் சலிக்கும் சார். அந்த நேரத்தில்தான் தவறு வரும் என்று தெரியும். அதனால் நான்காவது திருகு முடிந்ததும் விரலால் ஒருமுறை நான்கு மூலையையும் தொட்டுவிட்டுத்தான் அனுப்புவேன்" என்கிற மாதிரி ஒரு பதில் வேண்டும். இது நான் கற்பனையாகச் சொன்னது. உங்களுக்கென்று ஒரு வழி இருந்திருக்கும். இல்லாமல் பதினொரு மாதம் ஓடியிருக்காது. அதைச் சொல்லுங்கள். பழைய ஆலையைப் பற்றியும் திட்டிய லைன் லீடரைப் பற்றியும் குறை வேண்டாம். குழி விஷயத்தைச் சொல்லும்போது "முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, அளந்த பிறகு ஒத்துக்கொண்டார்" என்றால் போதும். அந்த லைன் லீடர் அதற்குப் பிறகு நன்றாக நடந்துகொண்டார் என்றால், அவரையே போனில் கேட்டு, விசாரிப்பதற்கு அவர் பெயரைக் கொடுக்கலாமா என்று அனுமதி வாங்குங்கள்.

காகிதங்களை இந்த வாரமே சேகரித்துவிடுங்கள். இரண்டு ஏஜென்சியிலும் அனுபவச் சான்று கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இல் வந்தது. வேலை முடிந்தவருக்கு ஒப்பந்ததாரர் பணிச் சான்று தர வேண்டும் என்று அதன் விதிகளிலேயே இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும், தொழிலாளி கேட்டால் என்ன வேலை செய்தார் என்ற விவரத்தோடு அனுபவச் சான்று தர வேண்டும் என்கிறது. எனவே இது சலுகை கேட்பது ஆகாது. நேரில் போனால் 'அடுத்த வாரம் வாம்மா' என்பார்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போங்கள். பி.எஃப். கணக்கில் இரண்டு இடத்திலும் விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்த பிறகு நீங்களே பதிந்துகொள்ளலாம். ஆதாரில் இனிஷியல் ஒரு விதமாகவும் பி.எஃப்.பில் அப்பா பெயர் முழுதாகவும் இருக்கும் தொல்லை நம் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. சேரும் நாளில் அதைக் கண்டுபிடித்துத் தவிக்காதீர்கள்.

அப்பா பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது: பயோடேட்டாவில் மதம், சாதி, திருமண நிலை எதுவும் வேண்டாம். 'மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற கடைசிப் பத்தியும் வேண்டாம். ஒரு பக்கத்தில் முடியட்டும்.

இவ்வளவும் செய்தும் முதல் அழைப்பிலேயே கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஒப்பந்தம் என்ற சொல்லைப் பார்த்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதே பயோடேட்டாவை இன்னும் நாலைந்து இடத்துக்கும் அனுப்பி வையுங்கள்.

கிடைத்துவிட்டால் ஒன்றை மட்டும் பாருங்கள். நிரந்தர வேலை என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னது யார், ஆலையா, ஏஜென்சியா? நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால், மேலே அச்சடித்திருக்கும் நிறுவனத்தின் பெயரையும், தகுதிகாண் காலம் எத்தனை மாதம் என்பதையும் படியுங்கள். ஏஜென்சியின் பெயர் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.